சென்னைப் பயணம்: கடலையும் கலையையும் சேர்த்துப் பார்க்க எப்படித் திட்டமிடலாம்?

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். டிசம்பர் பிற்பகுதிக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட நாட்களில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, ஒரு வாரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தங்க எண்ணியிருக்கிறோம். நான் பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியை. என் தாயார் வானொலியில் கச்சேரி கேட்டே வளர்ந்தவர். மார்கழிக் கச்சேரிகளை அரங்கில் அமர்ந்து கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் முழங்கால் வலி இருப்பதால் அவரால் அதிக தூரம் நடக்கவோ மணலில் இறங்கவோ இயலாது. மகளுக்குப் பதினைந்து வயது. கடலைப் படங்களில் மட்டுமே பார்த்திருப்பவள் என்பதால், கடலில் குளிக்க வேண்டும், முடிந்தால் அலைச்சறுக்கும் கற்றுப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

பயண நிறுவனங்கள் அனுப்பிய திட்டங்கள் எனக்கு நிறைவளிக்கவில்லை. மெரினா, கபாலீசுவரர் கோயில், அருங்காட்சியகம், மாமல்லபுரம் ஆகிய அனைத்தையும் இரண்டே நாட்களுக்குள் அடுக்கிவிட்டு, மீதி நேரத்தைக் கடைத்தெருவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு சிற்பத்தின் முன் அரை மணி நேரம் நிற்க விரும்புகிறவர்களுக்கு இந்த வேகம் ஒத்துவராது. எந்த வாரத்தில் வருவது நல்லது, எந்தப் பகுதியில் தங்கினால் அலைச்சல் குறையும், எவற்றையெல்லாம் விட்டுவிடலாம் என்பதை நகரத்தை நன்கு அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: மயிலாப்பூரிலிருந்து

சகோதரி, உங்கள் தாயாரின் ஆசையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் தேதிகளை அதுதான் தீர்மானிக்கும். மியூசிக் அகாதெமியின் ஆண்டு மாநாடும் கச்சேரிகளும் டிசம்பர் மாத நடுவில் தொடங்கி ஜனவரி 1 அன்று நிறைவடைகின்றன. நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, பிரம்ம கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் போன்ற மற்ற சபாக்களின் விழாக்களும் இதே காலத்தை ஒட்டியே நடக்கும். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் அகாதெமி பிறந்தது. டிசம்பர் மாதமே இசைக்குரிய காலம் என்று ஆனதற்கு அதுவே முக்கியமான காரணம்.

கச்சேரி என்றதும் மாலையில் பெரிய வித்வான்கள் பாடுவதை மட்டும் நினைத்துக்கொண்டு, சீட்டுக் கிடைக்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் பலர். உங்கள் தாயார் போன்ற நுட்பமான ரசிகருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, அகாதெமியில் காலை 8 மணியை ஒட்டித் தொடங்கும் செயல்முறை விளக்க உரைகளைத்தான். ஒரு ராகம் நூற்றாண்டுகளில் எப்படி உருமாறியது, ஒரு கீர்த்தனைக்கு எத்தனை பாடாந்தரங்கள் (குரு வழியாக வந்த வெவ்வேறு பாடல் வடிவங்கள்) இருக்கின்றன என்பன போன்றவற்றைப் பாடிக் காட்டியே விளக்குவார்கள். இவற்றுக்குக் கட்டணம் இல்லை. நண்பகலிலும் பிற்பகலிலும் இளங்கலைஞர்கள் பாடும் கச்சேரிகளுக்கும் பெரும்பாலான சபாக்களில் கட்டணம் கிடையாது. நாளைக்குப் பெரும்பெயர் பெறப்போகும் ஒருவரை, பாதி காலியாக இருக்கும் அரங்கில் முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு மாலை நேரத்தில் ஒருபோதும் கிடைக்காது. மாலைக் கச்சேரி ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நட்சத்திரப் பாடகர்களின் கச்சேரிகளுக்குச் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும்.

நாட்டியமும் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் இறுதியில் வந்து ஜனவரி முதல் வாரம் வரை தங்குங்கள். இசை விழா முடிந்த பின் ஜனவரி முதல் வாரத்தில் அகாதெமியில் நாட்டிய விழா தொடங்கும். கலாக்ஷேத்ராவின் கலை விழாவும் ஆண்டிறுதியை ஒட்டி நடப்பது வழக்கம். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் அடையாறில் தொடங்கிய அந்த நிறுவனம், பின்னர் கடற்கரையை ஒட்டிய திருவான்மியூர் வளாகத்துக்கு இடம் மாறியது. அங்கே நடனம் மட்டுமன்றி நெசவும், துணியில் வரையும் கலம்காரி ஓவியமும் உயிரோடு இருக்கின்றன என்பதை ஓவிய ஆசிரியையான நீங்கள் கவனிக்க வேண்டும். வகுப்புகள் நடக்கும் நாளாகப் பார்த்து, பார்வையாளர் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். மரத்தடிக் குடில்களிலிருந்து, நடனத்துக்குத் தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசை எழும் அந்தக் காலைப்பொழுதை எந்த மேடை நிகழ்ச்சியும் ஈடுசெய்யாது.

தங்குவதற்கு மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். சபாக்களுக்கும் கடலுக்கும் இடையிலான தொலைவு இங்கெல்லாம் மிகக் குறைவு. மெட்ரோ பணிகளால் மயிலாப்பூர்ச் சாலைகளில் போக்குவரத்து அடிக்கடி திருப்பிவிடப்படுவதால், அம்மாவை அழைத்துச் செல்லும்போது கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சபா கேன்டீனிலேயே மதிய உணவை முடித்துக்கொண்டால், இரண்டு கச்சேரிகளுக்கு இடையே அவரை வெளியே அலைக்க வேண்டியிருக்காது.

மறுமொழி: பெசன்ட் நகரிலிருந்து

கடலில் குளிப்பது பற்றி ஒருவரும் சொல்லவில்லையாதலால் இதை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் கடலில் குளிக்க வேண்டாம். கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று கூடுவதாலும், உடைந்து திரும்பும் அலைநீர் சில இடங்களில் ஒன்றுகூடி வலுவான நீரோட்டமாகக் கடலை நோக்கி இழுப்பதாலும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இங்கே ஆண்டுதோறும் உயிரிழக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் மேலும் கொந்தளிப்பாக இருக்கும். மெரினாவில் காவல்துறையினர் குதிரையில் வந்து இளைஞர்களைக் கரையேறச் சொல்வது கெடுபிடிக்காக அன்று. எலியட்ஸ் கடற்கரையில் வெண்ணிற வளைவோடு நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவிடத்தை உங்கள் மகள் படம் எடுக்க விரும்புவாள். நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் 1930-இல் இதே கடலில் மூழ்கி இறந்த டென்மார்க் நாட்டு மாலுமிக்காக எழுப்பப்பட்டது அது. அந்த வரலாற்றை அவளுக்குச் சொல்லுங்கள்.

கணுக்கால் நனையும் அளவுக்கு நிற்பதில் தவறில்லை, ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அலைச்சறுக்கு கற்க நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கேயுள்ள கோவளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த மீனவக் கிராமத்தின் இளைஞர்களே பயிற்றுநர்களாக இருக்கும் பள்ளிகள் அங்கு உண்டு. தொடக்க நிலையினருக்குக் கரைக்கு அருகே, பயிற்றுநர் உடன் நிற்கக் கற்றுத் தருகிறார்கள். அன்றைய அலையைப் பார்த்து அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சின்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்கு வழங்கப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றையும் கோவளம் கடற்கரை 2021-இல் பெற்றது.

மறுமொழி: எழும்பூரிலிருந்து

நான் ஓவியக் கல்லூரியில் பயின்றவன். ஓவிய ஆசிரியை ஒருவர் சென்னைக்கு வருகிறார் என்றால், இசையைப் பற்றி மட்டும் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

முதலில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கப்பட்ட அந்த வளாகம் மிகப் பெரியது; அனைத்தையும் பார்க்க முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. நேராகச் செப்புத்திருமேனிகளின் காட்சிக்கூடத்துக்குச் செல்லுங்கள். திருவாலங்காட்டு நடராசர் அங்கே இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் புகைப்படங்களில் மட்டுமே பார்த்து வியந்து எழுதிய திருமேனி அது. நீங்கள் அதை நேரில் சுற்றிவந்து பார்க்கலாம் என்பது எவ்வளவு பெரிய பேறு என்று யோசித்துப் பாருங்கள். தூக்கிய திருவடியின் எடையை எதிர்ப்பக்கத்துத் தோளும் கையும் எப்படி ஈடுசெய்கின்றன என்பதைப் பக்கவாட்டிலிருந்து கோட்டோவியமாக வரைந்து பார்த்தால், மாணவர்களுக்குச் சமநிலை பற்றி ஓராண்டு பாடம் நடத்தலாம். திருவெண்காட்டு அர்த்தநாரியையும் விட்டுவிடாதீர்கள். ஒரே உடலில் இரண்டு விதமான நிற்கும் பாங்கை இணைத்திருப்பது இடுப்பு வளைவில் தெரியும். அதன் பின் நேரமும் தெம்பும் இருந்தால் அமராவதிச் சுண்ணாம்புக்கல் புடைப்புச் சிற்பங்கள். வேறெதையும் அன்றைக்குச் சேர்க்காதீர்கள்.

அடுத்தது மெரினாவில் வாலாஜா சாலை வந்து சேருமிடத்துக்கு எதிரே நிற்கும் உழைப்பாளர் சிலை. சென்னைக்கு வருகிற அனைவரும் காரில் கடந்து போகிற சிலை இது. நின்று பார்க்கிறவர்கள் குறைவு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-இல் திறக்கப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். ஒவ்வொருவரின் முதுகும் வெவ்வேறு கோணத்தில் வளைந்து, நான்கு உடல்களின் விசையும் ஒரே புள்ளியில் போய்க் குவிகிறது. காலையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து அந்தத் தசைகளின் மேல் சாய்வாக ஒளி வீசும்போது பாருங்கள். டிசம்பர் இறுதியில் சூரிய உதயம் 6.30-ஐ ஒட்டி இருக்கும். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தக் கடற்கரை மணலில்தான்.

ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1850-இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காக வரைவதையே கைவிட்டுவிடுவதைக் கண்டு மனம் பொறுக்காமல், கலைஞர்கள் தாங்களே நிலம் வாங்கிக் குடியேறும் ஒரு கிராமத்தை உருவாக்கும் எண்ணத்தை விதைத்தார். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில், 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. காலையில் கைவினை, மற்ற நேரத்தில் தம் சொந்தக் கலை என்று வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள். அரசு மானியத்தையோ செல்வந்தர் ஆதரவையோ காத்திராமல் ஓவியர்கள் தங்கள் கையாலேயே தங்கள் சுதந்திரத்தைச் சம்பாதித்துக்கொண்ட இடம் என்பதால், என் கணக்கில் அது ஒரு சுற்றுலாத் தலம் அன்று. அங்குள்ள காட்சிக்கூடத்தில் பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களையும், ஜானகிராம், நந்தகோபால் ஆகியோரின் உலோகச் சிற்பங்களையும் பார்க்கும்போது, காலையில் நீங்கள் எழும்பூரில் பார்த்த திருமேனிகளும் கோயில் கவசங்களும் எப்படித் தகட்டு உலோகத்தில் புதிதாகப் பிறந்தன என்பது புரியும். அதனால்தான் எழும்பூரை முதலிலும் சோழமண்டலத்தைப் பிறகும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சோழமண்டலத்துக்குத் தெற்கே, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. தென்மாநிலங்களில் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். குழந்தைகள் மண்பாண்டம் வனையலாம். நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் நேரம் குறைவென்றால் இதை விட்டுவிட்டுச் சோழமண்டலத்தில் கூடுதல் நேரம் இருங்கள் என்பதே என் கருத்து.

மறுமொழி: இராயபுரத்திலிருந்து

மேலே எழுதிய அன்பர்களின் யோசனைகள் எல்லாம் பயனுள்ளவையே. ஆயினும் சென்னையின் கடலும் கலையும் கலங்கரை விளக்கத்தில் தொடங்கித் தெற்கே மட்டும் போவதைப் போன்ற தோற்றம் உண்டாகிறது. அதை ஏற்க இயலவில்லை.

மெரினா ஏன் அவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அங்கே நில்லுங்கள். இந்தக் கடற்கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீண்ட சுவர்கள் கட்டப்பட்டபோது, அந்த மணல் சுவருக்குத் தெற்கே தடைபட்டுக் குவியத் தொடங்கியது. கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்தபோது 1880-களில் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்ட கரை அதன் பின் அகன்றுகொண்டே போனது. வடக்கே வந்து சேர வேண்டிய மணல் வரவில்லை. காசிமேடு, திருவொற்றியூர் வரையில் கடல் கரையை அரித்தது. தெருக்களும் வீடுகளும் போயின. இன்று அங்கே நீங்கள் பார்ப்பது கருங்கல் தடுப்புதான். தெற்கே அனைவரும் காற்று வாங்கும் மணல், எங்கள் கரைக்கு வந்திருக்க வேண்டிய மணல். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நகரத்தின் கடற்கரையைப் பார்க்க வருகிறவர் அதன் முழு நீளத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்தால், வரைகிற கைக்கு அங்கே கிடைக்கும் காட்சிகள் வேறெங்கும் கிடைக்காது. ஏலம் நடக்கும் நேரத்தில் வழியை மறிக்காமல், கேட்டுக்கொண்டு வரையுங்கள், படமெடுங்கள்.

கலையும் அப்படித்தான். சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்பட்ட கானா இந்த நகரத்தின் வடபகுதியில் வளர்ந்த இசை. கர்நாடக இசையைப் போலவே அதற்கும் கேள்வி ஞானமும் பாட்டுக் கட்டும் திறனும் வேண்டும். 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் டிசம்பரில் நடத்திவரும் ‘மார்கழியில் மக்களிசை’ நிகழ்ச்சியில் கானாவையும் பறையையும் ஒப்பாரியையும் மேடையில் கேட்கலாம். கர்நாடக இசையையும் பறையையும் கூத்தையும் 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களின் தெருவுக்கே கொண்டுசென்ற விழாவும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். பொங்கலை ஒட்டி வருவீர்களானால், 2023 முதல் மீண்டும் நடக்கும் சென்னை சங்கமத்தில் கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து ஆகியவற்றைப் பூங்காக்களிலும் திடல்களிலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். உங்கள் தாயார் ஆசைப்பட்ட கச்சேரியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு மாலைப்பொழுதை இதற்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கண்ணகி நகரின் சுவரோவியங்களைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். நகரத்தின் கரையோரங்களிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய பகுதி அது. 2020-ஐ ஒட்டி வரையப்பட்ட அந்தப் பெரிய ஓவியங்கள் உண்மையிலேயே அழகானவை. ஆனால் அவை மக்கள் வாழும் வீடுகளின் சுவர்கள்; காரிலிருந்து இறங்கிப் படமெடுத்துக்கொண்டு போய்விடாமல், அங்கிருப்பவர்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் என் நன்றி. கடலில் குளிப்பதில்லை என்பதை மகளிடம் சொல்லிவிட்டேன்; நினைவிடத்தின் வரலாற்றைக் கேட்ட பின் அவளும் ஏற்றுக்கொண்டாள். கோவளத்தில் ஒரு காலையும், காசிமேட்டில் ஒரு விடியலும், மக்களிசைக்கு ஒரு மாலையும் ஒதுக்க விரும்புகிறேன். பெசன்ட் நகரில் தங்க முடிவு செய்திருக்கிறோம்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மணலில் நடக்க முடியாத என் தாயார் அலைக்கு அருகே செல்ல வழி உண்டா? டிசம்பர் இறுதியில் மழை எங்கள் திட்டத்தைக் குலைத்துவிடுமா?

மறுமொழி: பெசன்ட் நகரிலிருந்து

மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் மரத்தாலான நடைபாதை ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியிலேயே மணற்பரப்பைக் கடந்து அலைக்கு அருகில் வந்துவிடலாம். கூட்டமில்லாத காலை நேரத்தில் அழைத்துச் செல்லுங்கள்.

மழையைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் இருக்கும். மாதத்தின் தொடக்கத்தில்தான் 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் வந்தன. மாத இறுதிக்குள் பெரும்பாலும் மழை தணிந்து, ஜனவரியில் வானம் தெளிந்துவிடும். எனவே வெளியில் பார்க்க வேண்டியவற்றைப் பயணத்தின் பிற்பகுதியிலும் அரங்குகளை முற்பகுதியிலும் வைத்துக்கொண்டால் போதும். மாமல்லபுரம் போவதாக இருந்தால் அதையும் ஜனவரிக்குத் தள்ளுங்கள். சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா அந்த வாரங்களில் மாலை வேளையில் திறந்தவெளியில் நடக்கும். கோவளத்தில் காலையில் அலைச்சறுக்கு, மதியம் ஓய்வு, பிறகு மாமல்லபுரத்தில் சிற்பங்களும் நாட்டியமும் என்று ஒரே நாளில் அமைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே சாலையில் இருப்பதால் அலைச்சல் இல்லை.

மகளுக்காக இன்னொன்று. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வருகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பருவத்தில் பொதுமக்களையும் வார இறுதிகளில் உடன் அழைத்துச் செல்வதுண்டு. ஜனவரி முதல் வாரம் பருவத்தின் தொடக்கமே ஆதலால் ஆமையைக் காண்பது உறுதியில்லை. நடை தொடங்கிவிட்டதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பளிச்சிடும் விளக்குகளுக்கும் உரத்த பேச்சுக்கும் அங்கே இடமில்லை.

மறுமொழி: எழும்பூரிலிருந்து

நாட்களை வரிசைப்படுத்தும் முன் விடுமுறை நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை. அருங்காட்சியகத்துக்குக் காலையில், திறந்தவுடன் செல்லுங்கள். பிற்பகலில் பள்ளிக் குழுக்கள் வந்துவிட்டால் செப்புத்திருமேனிகளின் முன் அமர்ந்து வரைய அமைதி இராது. வரைபலகையையும் பென்சிலையும் உள்ளே கொண்டுசெல்ல நுழைவுச்சீட்டுத் தரும் இடத்திலேயே கேட்டு அனுமதி பெற்றுக்கொண்டால் பிறகு தடங்கல் இருக்காது.